உதவித்தொகையும் உரிமையும்

நுழையும்முன்

ஒரே வகுப்பில் பயிலும் இருவருக்குப் பாடநூல் ஒன்று, தேர்வும் ஒன்று. ஆனால் வகுப்பறைக்கு வந்து சேர்வதற்கு இருவரும் செலவிடும் பணமும் உழைப்பும் ஒன்றாக இருப்பதில்லை. மாற்றுத்திறன் கொண்ட இளையோருக்கு அரசு நிதியுதவி அளிக்கிறது. அவ்வுதவி இரக்கத்தால் வழங்கப்படும் கொடையா, சட்டம் உறுதிசெய்யும் உரிமையா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

எட்டும் இருபத்தொன்றும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட்பிறப்பில் நேரும் குறைகளை எட்டாகத் தொகுத்துக் கூறுகிறார். பார்வையின்மை, பேச்சின்மை, செவித்திறன் இன்மை, கூன் முதலியன அவற்றுள் அடங்கும். சோழன் நலங்கிள்ளிக்கு அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் சிறப்பை உணர்த்த எழுந்த அப்பாடல், இத்தகைய பிறப்பால் பயனில்லை என்னும் அக்கால எண்ணத்தையும் வெளிப்படுத்துகிறது.

இக்காலச் சட்டம் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. இந்திய நாடாளுமன்றம் 1995ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களைக் குறிப்பிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007ஆம் ஆண்டு அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் வழியில் உருவான மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஏழினை இருபத்தொன்றாக விரித்தது. மதியிறுக்கம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா, அமில வீச்சால் நேர்ந்த பாதிப்பு ஆகியனவும் இப்பட்டியலில் இடம்பெற்றன.

எண்ணிக்கையோடு பார்வையும் மாறியது. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாடும் சமூகத்தில் உள்ள தடைகளும் எதிர்கொள்ளும்போதுதான் ஒருவருடைய முழுமையான பங்கேற்பு தடைப்படுகிறது என்று இச்சட்டம் கருதுகிறது. சாய்தளம் உள்ள நூலகத்தில் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் வாசகர் ஆகிறார். படிக்கட்டு மட்டுமே உள்ள நூலகத்தில் அவரே வாயிலில் நின்றுவிடுகிறார். இரண்டு இடங்களிலும் அவருடைய கால்கள் மாறவில்லை.

ஒரே வருவாய், வேறு வாழ்வு

நிதியுதவி ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் தெளிவான விளக்கம் தருகிறார். மாற்றுத்திறனாளிகள் இருவகைத் தடைகளை எதிர்கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. வேலை கிடைப்பதும் ஊதியம் பெறுவதும் கடினமாக இருப்பது முதலாவது தடை. கிடைத்த பணத்தைப் பிறரைப்போல் பயனாக மாற்ற இயலாமை இரண்டாவது தடை.

இரண்டாவது தடை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாத வருவாய் சமமாக உள்ள இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் பிள்ளை நடந்தே பள்ளிக்குச் செல்கிறான். மற்றொரு குடும்பத்தின் மகளுக்கு ஆட்டோ வாடகை, உடன்வரும் தாய் இழக்கும் நாட்கூலி, செவித்துணைக்கருவியின் பழுதுநீக்கம் எனச் செலவுகள் தொடர்கின்றன. கணக்கேட்டில் சமமாகத் தோன்றும் இவ்விரு குடும்பங்களும் வாழ்வில் சமமானவை அல்ல.

2009ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் சென், பிரித்தானியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். அங்கு வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருந்தோர் 17.9 விழுக்காட்டினர். மாற்றுத்திறனாளி ஒருவரைக் கொண்ட குடும்பங்களில் இவ்வளவு 23.1 விழுக்காடு. அக்குடும்பங்களின் கூடுதல் தேவைகளையும் கணக்கில் சேர்த்தபோது அது 47.4 விழுக்காடாக உயர்ந்தது. வருவாயை மட்டும் அளந்தால் வறுமையின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சட்டம் தரும் உறுதி

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இக்கூடுதல் செலவை ஏற்றுக்கொள்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பிறருக்கு வழங்கும் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்வி, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத ஒதுக்கீடு, அரசுப் பணியில் 4 விழுக்காட்டிற்குக் குறையாத ஒதுக்கீடு ஆகியவற்றையும் அச்சட்டம் உறுதிசெய்கிறது. இவற்றிற்கு மாற்றுத்திறன் அளவு 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

பதினோராம் வகுப்பு முதல் முதுநிலைப் படிப்பு வரை பயிலும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டம் உள்ளது. பெற்றோரின் ஆண்டு வருவாய் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் தேசியக் கல்வி உதவித்தொகை இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு ‘நிரமயா’ திட்டத்தின்கீழ் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் மாத உதவித்தொகை, 2023 சனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் துணையாளரும் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். முன்னர்க் கண்ட இரண்டாவது தடையை இப்பயணச் சலுகை நேரடியாகக் குறைக்கிறது.

| தெரிந்து தெளிவோம்
| மருத்துவச் சான்றின் அடிப்படையில் வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லத்தக்கது. உதவிகள் பலவற்றிற்கும் இவ்வட்டையே முதற்படி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

வரம்புக்கு வெளியே நிற்போர்

சட்டம் செம்மையாக இருப்பினும் நடைமுறையில் இடைவெளிகள் உள்ளன. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்காக மாதம் 300 ரூபாய் வழங்கப்படுகிறது. அதனைப் பெற மாற்றுத்திறன் அளவு 80 விழுக்காடாக இருத்தல் வேண்டும். குடும்பம் வறுமைக்கோட்டிற்குக் கீழும் இருத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டு 300 ரூபாயாக உயர்ந்த இத்தொகை, பத்தாண்டுகள் கடந்தும் அந்நிலையிலேயே நின்றது. விலைவாசியோ நிற்கவில்லை. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்ப்பதாலேயே உதவித்தொகை ஓரளவு பொருளுடையதாகிறது.

அறுபது விழுக்காடு பார்வைக்குறை உடைய ஓர் இளைஞர் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளியே ஆவார். எனினும் ஒன்றிய அரசின் இவ்வோய்வூதியத்திற்கு அவர் தகுதி பெறுவதில்லை. மேலும், தகுதியை அளக்கக் குடும்ப வருவாய் கொள்ளப்படுகிறது. தனித்து நிற்க விரும்பும் வயதிலும் அவர் பெற்றோரின் வருவாய்ச் சான்றைச் சார்ந்தே விண்ணப்பிக்க நேர்கிறது. கட்டணமில்லாக் கல்வி உரிமை நிறைவுறும் பதினெட்டாம் வயதில் கல்லூரிச் செலவும் வேலைதேடும் செலவும் ஒருங்கே தொடங்குகின்றன. தேவை மிகும் அவ்வயதில்தான் வாயில்கள் பல குறுகுகின்றன.

உதவித்தொகையைக் கொடையாகக் கருதினால், எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்னும் எண்ணம் எழும். உரிமையாகக் கருதினால், அத்தொகை தேவைக்கு ஈடாகிறதா, உரியவரைச் சென்றடைகிறதா, காலத்தோடு உயர்கிறதா என்னும் வினாக்கள் எழும். இவ்வினாக்களை எழுப்புவது மாற்றுத்திறனாளிகளின் கடமை மட்டுமன்று. அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலும் ஊர் நூலகத்திலும் சக்கர நாற்காலியில் வருவோர் எதிர்கொள்ளும் தடைகளைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்கக் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதுக.
2. உதவித்தொகையின் தகுதியைக் குடும்ப வருவாயால் அளப்பது சரியா என்பது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுவது யாது?

சிறுவினா

1. அமர்த்திய சென் குறிப்பிடும் இருவகைத் தடைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

1. ‘உதவித்தொகை கொடையன்று, உரிமை’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.