கைக்கு எட்டாத செர்ரி கிளிக்கு

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் இனிப்புச் செர்ரி வளர்க்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். கடைசிக் கேள்வி மட்டும் சென்னையிலிருந்து.

கேள்வி: வீடு வாங்கியபோதே பின்வளவில் நின்ற செர்ரி மரம். ஏப்ரலில் கிளை தெரியாமல் பூக்கிறது. ஜூலையில் பார்த்தால் ஒரு பழம்கூட இல்லை. உரம் போட்டும் பலனில்லை. வெட்டிவிடலாம் என்கிறார் கணவர்.
— வாசகி, ஹாரோ

பதில்: கோடரியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உரத்தையும்தான், இப்படிப் பூக்கிற மரத்துக்குப் பசி இல்லை. அடுத்த ஏப்ரலில் ஒரு பூவைப் பறித்து இதழ்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளை நிறமும் ஐந்தே இதழ்களும் என்றால் பழச் செர்ரியாக இருக்கலாம். கடும் ரோஸ் நிறத்தில் அடுக்கடுக்காக இதழ்கள் இருந்தால் அது 'கான்சான்' போன்ற ஜப்பானிய அலங்காரச் செர்ரி. அதில் பழம் தேடுவது வீண்; பூவைப் பார்த்து ரசித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பழச் செர்ரிதான் என்றால், அநேகமாக அதற்குத் துணை இல்லாததுதான் குறை. இனிப்புச் செர்ரியின் பழைய ரகங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. தூள் சூல்முடியில் விழும், முளைக்கும், குழாயாக உள்ளே இறங்கவும் தொடங்கும். பாதி வழியில் பூ அதைத் தன்னுடையது என்று கண்டுகொண்டு நிறுத்திவிடும். இதைத் தீர்மானிப்பது 'எஸ்' என்று குறிக்கப்படும் மரபணு. இரண்டு ரகங்களுக்கு ஒரே எஸ் ஜோடி இருந்தால் அவை ஒன்றுக்கொன்றும் உதவா. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் பேர்பெற்ற ரகங்கள்; மூன்றுக்கும் ஒரே ஜோடி. வேறு செர்ரியே இல்லாத இடத்தில் இந்த மூன்றையும் வரிசையாக நட்டால் மூன்றும் பூக்கும், ஒன்றும் காய்க்காது.

இந்தக் கட்டை உடைத்த ரகம்தான் ஸ்டெல்லா. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் செர்ரி மகரந்தத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, தன் பூவாலேயே தடுக்கப்படாத நாற்றுகளை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்றைக் கனடாவின் சம்மர்லேண்ட் ஆய்வு நிலையத்தில் லாம்பர்ட்டோடு கலந்து எடுத்தது ஸ்டெல்லா. 1968-ல் வெளிவந்தது. தானும் காய்க்கும், அதே சமயத்தில் பூக்கும் ஏறக்குறைய எந்த இனிப்புச் செர்ரியையும் காய்க்க வைக்கும். ரகம் தெரியாத உங்கள் மரத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. தெரிந்தவர் வீட்டில் காய்க்கிற செர்ரி இருந்தால், பூத்த சிறு கொப்புகள் இரண்டை வாங்கி வந்து தண்ணீர் வாளியில் வைத்து உங்கள் மரத்தின் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். குளிரிலும் மழையிலும் தேனீ வெளியே வராது. (அடுத்தவர் மரத்தில் ஏப்ரலில் கத்தி வைக்கிறோம், பெரிய வெட்டில் நோய் நுழையலாம் என்பதால் கொப்பு சுட்டுவிரல் பருமனைத் தாண்டக் கூடாது.) வாளி தொங்கிய பக்கம் மட்டும் காய் பிடித்தால் காரணம் தெரிந்துவிட்டது.

கேள்வி: எங்கள் கார்டன் 6 மீட்டருக்கு 5 மீட்டர்தான். தரை முழுக்கக் களி. ஸ்டெல்லா கன்று இரண்டு விலையில் விற்கிறார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை வாங்குவது? தொட்டியில் வைக்கலாமா?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: எல்லோரும் ரகத்தைக் கேட்கிறார்கள். நீங்கள் விலை வேறுபாட்டைக் கவனித்தீர்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடையில் விற்கும் செர்ரி, நம் ஒட்டு மாங்கன்று போல, இரண்டு செடிகள் சேர்ந்தது. மேலே இருப்பது ஸ்டெல்லா. கீழே வேரோடு இருக்கும் வேர்ச்செடி வேறு. பழத்தின் ருசியை மேலே உள்ளது தருகிறது. மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதைப் பெரும்பாலும் கீழே உள்ளது முடிவு செய்கிறது. சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் அதன் பெயர் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். கடைக்காரருக்கும் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

'கோல்ட்' என்பது கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் உருவானது. அதன் மேல் நிற்கும் மரம் 5 மீட்டர் தாண்டலாம். 'கிசெலா 5' ஜெர்மனியின் கீசன் நகரத்துச் சரக்கு. மரம் ஏறத்தாழ 3 மீட்டரில் அடங்கும், மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். உங்கள் இடத்துக்கு கிசெலா 5-தான், யோசிக்கவே வேண்டாம். இங்கே செர்ரிக்கு முதல் எதிரி பறவை. அதற்குத் தீர்வு வலை ஒன்றுதான். 3 மீட்டர் மரத்தை ஒருவர் ஏணி இல்லாமல் வலை போட்டு மூடலாம். 5 மீட்டர் மரத்தை மூட ஆளும் ஏணியும் சண்டையும் வேண்டும். வலை போடாத உயரத்துப் பழம் நமக்கில்லை. அதனால் பழம் கிடைக்குமா என்பது கன்று வாங்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை மண் ஒட்டாத வெறும் வேரோடு வரும் கன்றுகள் விற்பனைக்கு வரும். விலை குறைவு, வளர்ச்சியும் நன்றாக இருக்கும். களிமண்ணில் ஒரு தவறு சகஜம்: ஆழமாகக் குழி தோண்டி அதில் நல்ல கம்போஸ்ட்டைக் கொட்டுவது. சுற்றிலும் களி, நடுவில் பஞ்சு மாதிரி மண் என்றால் மழைத்தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள் வந்து தேங்கும். செர்ரி வேருக்குத் தேங்கிய நீர் விஷம். எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, இடத்தை ஒரு சாண் மேடாக்கி அதன் மேல் நடுங்கள். ஒட்டுப் போட்ட புடைப்பு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். மண் மூடினால் ஸ்டெல்லாவே வேர்விட்டுப் பெருமரமாகக் கிளம்பிவிடும், கொடுத்த காசு போயிற்று. கிசெலாவின் வேர் வலுவில்லாதது; நட்ட நாளில் அடித்த முளைக்கம்பைக் கடைசி வரை பிடுங்காதீர்கள். அடியில் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல் வேண்டாம், மூடாக்குப் போடுங்கள்; அது தண்டைத் தொடக் கூடாது.

தொட்டியிலும் வரும். வாய் அகலம் 50 சென்டிமீட்டருக்குக் குறையாத தொட்டி, ஜான் இன்னஸ் எண் 3 மண்கலவை. (ஆம், முன் பதிலில் வந்த அதே நிறுவனம், கலவையின் செய்முறை அங்கே பிறந்தது.) பூ உதிர்ந்ததிலிருந்து பழுக்கும் வரை தொட்டி காயவே கூடாது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் காயெல்லாம் கீழே கிடக்கும்.

கேள்வி: பழம் சிவக்கத் தொடங்கியதும் பச்சைக்கிளிக் கூட்டம் வந்து இரண்டே நாளில் முடித்துவிடுகிறது. சிடி தொங்கவிட்டோம், பொம்மை ஆந்தை வைத்தோம்.
— வாசகர், குரோய்டன்

பதில்: ஆந்தையின் தலையில் கிளி உட்காரும் படத்தையும் அனுப்பியிருக்கலாம்! நம் ஊர்க் கோபுரப் பொந்துகளில் குடியிருக்கும் அதே இனம்தான் இது. கூண்டிலிருந்து தப்பியவையும் திறந்துவிடப்பட்டவையும் பெருகி லண்டன் முழுக்க நிறைந்துவிட்டன. கருங்குருவியும் மைனா சாயலில் இருக்கும் ஸ்டார்லிங்கும் பழுத்ததைத்தான் தேடும். கிளி செங்காயையும் விடாது, வசந்தத்தில் மொட்டையும் கிள்ளும்.

பளபளப்பும் பொம்மையும் சில நாளுக்குத்தான். வலைதான் வழி. காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பும்போதே போட்டுவிடுங்கள். மரத்தின் மீது அப்படியே போர்த்தினால் வெளியே துருத்தும் பழத்தை வலைக்கு வெளியிலிருந்தே கொத்தும். நான்கு கம்பு நட்டு, இலையில் படாமல் இழுத்துக் கட்டி, அடிப்பக்கத்தைக் கல் வைத்து அழுத்துங்கள். தளர்ந்த வலையில் பறவையும் முள்ளெலியும் சிக்கிச் சாகும். காலையும் மாலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பறித்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பறிக்கும்போது காம்போடு கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பழத்தைப் பிடித்து இழுத்தால் காம்பு இருக்கும் கட்டைக் கொப்பும் பிய்ந்து வரும். அடுத்த ஆண்டின் மொட்டு அதில்தான். கிளிக்குப் பயந்து முன்கூட்டியே பறித்து வைப்பதிலும் பயனில்லை. பறித்த பிறகு செர்ரி இனிப்பு ஏறாது.

கேள்வி: ஜனவரியில் மச்சான் வந்து மரத்தை நன்றாகக் கவாத்து செய்து கொடுத்தார். இப்போது வெட்டிய இடத்தருகே தேன் நிறத்தில் பிசின் வடிகிறது. சில இலைகள் வெள்ளி பூசியதுபோல இருக்கின்றன.
— வாசகி, ஸ்லவ்

பதில்: மச்சானிடம் ஆப்பிள் மரத்தைக் கொடுத்திருக்கலாம், அதற்குக் குளிர்காலக் கவாத்து சரி. செர்ரி, பிளம் இரண்டுக்கும் அந்தக் காலத்தில் கத்தியே ஆகாது. வெள்ளி இலை நோயைத் தரும் பூஞ்சையின் வித்துகள் ஈரமான இலையுதிர், குளிர் காலங்களில்தான் காற்றில் மிகுதி. ஆறாத புது வெட்டு அவற்றுக்குத் திறந்த வாசல். பட்டைப் புண் நோயைத் தரும் பாக்டீரியாவும் அதே காலத்தில்தான் உள்ளே நுழையும்.

பிசின் மட்டும் என்றால் பதற வேண்டாம். அடிபட்டாலும் செர்ரி பிசின் விடும். அந்த இடத்தில் பட்டை குழிந்து கறுத்திருந்தால் பாக்டீரியா என்று சந்தேகியுங்கள். வெள்ளி இலை உள்ள கொப்பை வெயில் நாள் ஒன்றில், ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள், குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் பழுப்புக் கறை தெரிந்தால் பூஞ்சைதான். கறை முடியும் இடத்துக்கும் ஒரு சாண் கீழே வரை வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள் அல்லது அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அடிமரம் வரை கறை ஓடியிருந்தால் மரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி: பறிக்கலாம் என்று நினைத்த வாரத்தில் மழை பெய்து பழமெல்லாம் வெடித்துவிட்டது. வெடிக்காத பழத்தில் வெள்ளைப் புழு.
— வாசகர், கொவென்ட்ரி

பதில்: பழுத்த செர்ரி தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும், உள்ளே ஊதியதும் தோல் கிழியும். கென்ட் விவசாயிகள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ப்பது பெரும்பாலும் இதற்குத்தான். வீட்டில் வலைக் கம்புகளின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டலாம். வெடித்ததை அன்றே தின்றுவிடுங்கள்.

புழு, புள்ளிச் சிறகுப் பழ ஈயின் வேலையாக இருக்கலாம். கிழக்காசியாவிலிருந்து பரவிய இந்த ஈ 2012-ல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. சாதாரணப் பழ ஈக்கள் அழுகலைத் தேடும். இது நல்ல பழத்தின் தோலை அறுத்து முட்டையிடும். ஒரு கைப்பிடிப் பழத்தை உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், புழு இருந்தால் வெளியே வரும். தடுக்க வேண்டுமானால் கண்ணி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வலை வேண்டும். உதிர்ந்த பழத்தைக் கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள். பையில் கட்டி வெயிலில் வையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய செர்ரியின் கொட்டையை மொட்டை மாடித் தொட்டியில் போட்டிருக்கிறேன். எப்போது காய்க்கும்?
— வாசகி, சென்னை

பதில்: காய்க்காது. கொட்டை முளைக்கவே மூன்று மாதம் ஈரமும் குளிரும் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து அதைக்கூட ஏமாற்றிவிடலாம். ஆனால் வளர்ந்த மரம் பூக்க, ரகத்தைப் பொறுத்து 700 முதல் 1,200 மணி நேரம் வரை 7 டிகிரிக்கும் கீழான குளிரில் உறங்கி எழ வேண்டும். இந்தியாவில் இனிப்புச் செர்ரி காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைவது அதனால்தான். மாடியில் சிவப்பாக ஏதாவது காய்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் களாச்செடி வையுங்கள். நம் பேக்கரி கேக்கின் மேல் 'செர்ரி' என்று உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சீனிப்பாகில் ஊறவைத்த களாக்காய்தான். வெயில் தாங்கும், பெரிய தொட்டியிலும் வளரும், முள் மட்டும் குத்தும்.