சீல் பிரிக்காத தங்க நாணயம்: நம்பி வாங்கலாமா?

போன வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "சார், ஆன்லைன்ல ஒருத்தர் சீல் பிரிக்காத 10 கிராம் நாணயத்தை மார்க்கெட் ரேட்டை விடக் கம்மியா தர்றார். வாங்கலாமா?"

பதிலுக்கு முன்னாடி ஒரு நிஜக் கதை. அமெரிக்க யூடியூபர் லோகன் பால், சீல் பிரிக்காத பழைய போக்கிமான் கார்டு பெட்டிகளை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். நிபுணர்கள் பார்த்து "ஒரிஜினல்"னு சொன்ன சரக்கு அது. 2022 ஜனவரியில் பிரிச்சா, உள்ளே இருந்தது ஜி.ஐ. ஜோ கார்டுகள்!

பாடம் இதுதான்: சீல் என்பது அட்டைக்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கிற பொருளுக்கு இல்லை. பிரிக்காம எடை போட முடியாது. பிரிச்சா மறுவிற்பனை மதிப்பு குறையும். ஏமாத்துறவங்க விளையாடுறது இந்த இடத்துலதான்.

அப்போ என்ன பார்க்கணும்?

1. யார் விற்கிறாங்க: நாணயத்துக்கு ஹால்மார்க் போடும் உரிமை பி.ஐ.எஸ். அனுமதி பெற்ற ரிஃபைனரி, மின்ட்டுகளுக்கு மட்டும்தான். நகைக்கடைக்குக் கிடையாது. நாணயத்துல யார் முத்திரைன்னு பாருங்க.

2. எண்: அட்டையில் சீரியல் எண் இருந்தா, பில்லில் இருக்கிறதோட ஒத்துப்போகணும்.

3. சீல்: ஓரத்தில் மறுபடி ஒட்டின தடம், மங்கலான அச்சு, எழுத்துப்பிழை இருந்தா விலகிடுங்க.

4. எடை, அடர்த்தி: தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆனா டங்ஸ்டனும் கிட்டத்தட்ட அதேதான், 19.25. அதனால எடை சரியா இருந்தாலே தங்கம்னு முடிவு பண்ணாதீங்க. எக்ஸ்ஆர்எஃப் மெஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கும்.

5. பில்: இதுதான் ரொம்ப முக்கியம். 3% ஜிஎஸ்டியோட பில் இல்லைன்னா, நாளைக்கு விற்கும்போது வாங்கின விலையை நிரூபிக்க முடியாது. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5% வரி, முன்னாடியே வித்தா உங்க ஸ்லாப்படி.

தீபத்துக்கு ஊருக்கு வரும்போது தேரடி வீதியில வாங்கினாலும் சரி, சென்னையில வாங்கினாலும் சரி, வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்க: "திரும்ப எடுத்துப்பீங்களா, எந்த ரேட்டுக்கு?" வங்கியில வாங்கினா பொதுவா திரும்ப எடுத்துக்க மாட்டாங்க, இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்போ அந்த ஆன்லைன் நாணயம்? வேண்டாம். 10% மிச்சம் பிடிக்கப் போய் 100% விட்டுடாதீங்க. சம்பளக் காசு, கஷ்டப்பட்டு வந்தது.