மைதாவை விட்டால் குளூட்டன் போய்விடுமா?

போன மாதம் எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா என் பேக்கிங் வகுப்புக்கு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். உள்ளே எலுமிச்சை கிரீம் பிஸ்கட். இரண்டு வட்டத்துக்கு நடுவே வெளிர் மஞ்சள் கிரீம், ஓரம் துளிகூட சிதறாமல் அத்தனை அழகு. "அக்கா பையனுக்கு குளூட்டன் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் டீச்சர். அதான் மைதாவைத் தொடவே இல்லை, முழுக்க ஆட்டா" என்றார். அந்த டப்பா பையன் கைக்குப் போவதற்கு முன் என் கைக்கு வந்ததே பெரிய விஷயம்.

இதே பேச்சை மளிகைக் கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். குளூட்டன் என்பது மைதாவில் கலக்கிற ஏதோ ரசாயனமாம்; கோதுமையை முழுசாக அரைத்தால் அது இருக்காதாம். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

குளூட்டனை யாரும் கலப்பதில்லை. அது கோதுமையிலேயே விளைகிறது. கோதுமை மணியின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் மாவாக்கினால் மைதா. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் ஆட்டா. நடுப்பகுதியைக் குருணையாக உடைத்தால் ரவை. குளூட்டன் இருப்பது அந்த நடுப்பகுதியில்தான், ஆகவே மூன்றிலும் இருக்கிறது. க்ளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பரோட்டா மாஸ்டர் வீச வீச மாவு கிழியாமல் விரிவது அந்தப் பின்னலால்தான். கோதுமைப் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தக் குளூட்டனே.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அன்றைக்கு வகுப்பிலேயே செய்யவைத்தேன். 200 கிராம் ஆட்டாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு அந்த அம்மாவையே சட்டித் தண்ணீரில் கசக்கச் சொன்னேன். முதல் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அது மாவுச்சத்து. கொட்டிவிட்டு வேறு தண்ணீர், மறுபடியும் கசக்கல். ஏழெட்டுத் தண்ணீர் மாற்றியதும் வெளுப்பு நின்றது. அவர் உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவுக்குப் பழுப்பாக, தவிட்டுத் துகள் ஒட்டிய ஓர் உருண்டை மிஞ்சியது. இழுத்தார், நீண்டது. விட்டார், சுருங்கியது. "ரப்பர் மாதிரி இருக்கே டீச்சர்!" அதுதான் குளூட்டன். அடுத்து அரிசி மாவு உருண்டையைக் கொடுத்தேன். இரண்டாவது கசக்கலிலேயே முழுக்கக் கரைந்து விரலிடுக்கில் ஓடிவிட்டது. இத்தாலியின் பொலோனா நகரத்தில் பெக்காரி என்ற அறிஞர் இதே மாதிரி மாவைக் கழுவிக் கழுவிக் கண்டதுதான் 1745-ல் அச்சேறியது. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு மணி நேரத்தில் செய்து பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்புகிற கை ஒரு பிடி மாவைக் கழுவிப் பார்க்கக் கூடாதா?

நான் இவ்வளவு கோபப்படக் காரணம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ள குழந்தைக்குக் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. குழந்தை சாப்பிடும், ஆனால் வளராது. இரத்தச் சோகை விடாது. கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1950-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 10 கிராம் ஆட்டா போட்ட ஒரே ஒரு பிஸ்கட்டில் சுமார் 800 மில்லிகிராம் இருக்கும். அன்போடு செய்தோம் என்பதால் அது குறையாது.

"இதெல்லாம் வடக்கத்தி நோய், நம்ம ஊர்ல கிடையாது" என்பது அடுத்த பேச்சு. ஹரியானா, அசாம், தமிழ்நாடு மூன்று இடங்களில் 20,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. தமிழ்நாட்டில் அவர்கள் எடுத்துக்கொண்டது நமக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர் பகுதியை. வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இங்கே ஆயிரத்துக்கு ஒருவர். குறைவுதான், இல்லை என்று ஆகாது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிதாக மாறியது கோதுமை சாப்பிடும் அளவு. இன்றைக்கு இங்கேயும் ராத்திரி ஆனால் சப்பாத்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் கோதுமையை நிறுத்துவது. நீங்களாக நிறுத்திவிட்டுப் போனால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.

சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். 'சிறுதானிய பிஸ்கட்' என்று முன்பக்கம் கேழ்வரகுப் படம் போட்டிருப்பார்கள். பின்பக்கப் பட்டியலில் முதல் பெயர் என்ன என்று படியுங்கள். குளூட்டன் இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாது என்பதும் பொய். நான் கீழே சொல்லப்போகும் பிஸ்கட்டும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்ந்ததுதான், சர்க்கரை நோயாளிக்கு உகந்ததல்ல.

சரி, கோதுமையே இல்லாமல் பிஸ்கட் நிற்குமா, உதிர்ந்துவிடாதா? பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பட்டு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுகிற ஊர் இது. பச்சை அரிசி மாவு ஒட்டாது, வெந்தால் ஒட்டும். சூட்டில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துப் பசையாகிறது. கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். பிஸ்கட்டிலும் அதையே செய்யுங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை 50 மில்லி தண்ணீரில் காய்ச்சிப் பசையாக்கி, ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியைக் கலந்து ஆறவிடுங்கள். முட்டை செய்கிற வேலையை இது செய்துவிடும். இதை 150 கிராம் சலித்த அரிசி மாவு, வீட்டு மிக்சியில் அரைத்த 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, 80 கிராம் பொடித்த சர்க்கரை, 90 கிராம் தேங்காய் எண்ணெய், சிட்டிகை உப்பு, சிட்டிகை ஆப்ப சோடாவோடு பிசைந்து, அரை மணி நேரம் மூடிவையுங்கள். அந்த அரை மணியில்தான் அரிசி மாவு ஈரத்தைக் குடித்து நறநறப்பை விடும். பொறுமையில்லாமல் உடனே தட்டுகிறவர்கள்தான் 'மணல் மாதிரி இருக்கு' என்பார்கள். மெல்லியதாகத் தட்டி 160 டிகிரியில் சுமார் 15 நிமிடம். எடுத்ததும் தொடாதீர்கள். சூட்டில் உடையும், தட்டிலேயே 20 நிமிடம் ஆறினால் இறுகிவிடும்.

எலுமிச்சைச் சாற்றை மாவில் பிழிந்தால் மணக்கும் என்பது தப்பு. சாற்றில் இருப்பது புளிப்பு, அதையும் சோடா தின்றுவிடும். மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. நாலு பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் லேசாகத் துருவி மாவில் போடுங்கள். வெள்ளைப் பகுதியைத் தொட்டால் கசக்கும். நிறத்துக்கு மஞ்சள்தூள் போடலாம் என்று யாராவது சொன்னால் சோடாவைக் கவனியுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகிறது? சோடா கூடிப்போனால் பிஸ்கட்டிலும் அதே சிவப்புத் திட்டு வரும்.

கிரீமுக்கு வெண்ணெய் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு: 60 கிராம் பொடித்த சர்க்கரை, 40 கிராம் பொட்டுக்கடலை மாவு, 30 கிராம் தேங்காய் எண்ணெய், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு பழத்தின் தோல். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், நம் வெயிலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துவைப்பது பொட்டுக்கடலைதான். மா லாடு பிடிக்கத் தெரிந்த கைக்கு இந்தப் பதம் புதிதல்ல.

வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவு, என்ற விஷயத்திலும் குழப்பம் உண்டு. முட்டை இல்லாவிட்டால் வீகன் ஆகிவிடாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தாலும் ஆகாது; பாலும் நெய்யும் தேனும் பச்சைப் புள்ளியில்தான் வரும். வீகனுக்கு 2022 விதிகளின்படி தனி முத்திரை இருக்கிறது, அதைத் தேடுங்கள். நம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி அரிசியும் உளுந்தும் ஆனது, ஆனால் தயிரும் நெய்யும் சேர்ந்தது. பிரசாதமாக வணங்கி வாங்கலாம், வீகன் என்று சொல்லக் கூடாது.

கடைசியாக, வருடக்கணக்கில் நான் கரடியாய்க் கத்துகிற விஷயம்: மாவு மில். வீட்டில் எல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டை விடுவது அங்கேதான். முன்னால் நிற்பவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்துப் போவார். அதே கல்லில், அதே துணிப் பையில் உங்கள் அரிசி விழும். முதலில் வருகிற மாவில் கோதுமையும் கலந்திருக்கும்.

மில்காரர்களே, வாரத்தில் ஒரு நாள் காலையில் கல்லையும் பையையும் தட்டித் துடைத்து, கோதுமை விழுவதற்கு முன் அரிசியை மட்டும் அரைத்துக் கொடுங்கள். என்றைக்கு என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். அப்படி ஒரு மில் கிடைக்கும்வரை, குளூட்டன் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களே, அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி உங்கள் மிக்சியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.