மீன் எண்ணெயை ஆக்குவது மீன் அன்று

மீன் எண்ணெய் கேப்சூலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “நாங்கள் சைவம், வேறு வழி உண்டா?” என்று வினவுவோர் பலர். உண்டு என்பதே எங்கள் விடை.

டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைக் கடலில் முதன்மையாக ஆக்குபவை கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளே. அவற்றைச் சிற்றுயிர்கள் உண்ண, சிற்றுயிர்களை மீன்கள் உண்ண, அக்கொழுப்பு மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் உடலில் சேர்கிறது. பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுத்தால் மீன் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2002 முதல் குழந்தைகளுக்கான பால்மாவில் இவ்வாறு பெற்ற டி.எச்.ஏ. சேர்க்கப்படுகிறது. இதற்கு மரபணு மாற்றம் தேவைப்படவில்லை.

ஆயினும் பாசியிடம் ஓர் இடர்ப்பாடு உண்டு. நைட்ரஜன் ஊட்டம் குறைந்தால்தான் அது கொழுப்பை மிகுதியாகச் சேமிக்கும். அப்போது வளர்ச்சி குன்றிவிடும். 2017-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் நானோகுளோராப்சிஸ் என்னும் கடற்பாசியில், கொழுப்பாக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைச் சிதைத்தனர். கொழுப்பு பெருகியது, வளர்ச்சியோ நலிந்தது. பின்னர் அம்மரபணுவை முற்றிலும் அணைக்காமல், விளக்கின் திரியைத் தணிப்பதுபோல் அடக்கினர். வளர்ச்சி பெரிதும் குறையாமலேயே கொழுப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவர்கள் நாடியது எரிபொருளே, மருந்தன்று. இதனை மறைத்துச் சொல்வது முறையாகாது.

உணவுக்கு நெருங்கிய முயற்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. கடல் நுண்பாசிகளின் மரபணுக்களைக் கனோலா பயிரில் சேர்த்து, அதன் விதையிலேயே டி.எச்.ஏ. விளையச் செய்தனர். 2018-இல் அந்நாட்டு அரசு அப்பயிரைச் சாகுபடி செய்ய இசைவளித்தது. மரபணு மாற்றம் என்றதும் சிலர் அஞ்சுகின்றனர். எங்கிருந்து வந்தாலும் டி.எச்.ஏ. மூலக்கூறு ஒன்றே, தூய்மையாக்கிய எண்ணெயில் மரபணு ஏறத்தாழ எஞ்சுவதில்லை.

ஆளி விதை போதாதா எனக் கேட்பீர்கள். அது நல்ல உணவு. எனினும் அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. நம் உடல் அதில் மிகச் சிறு பகுதியையே டி.எச்.ஏ. ஆக மாற்றுகிறது.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதலாவது, கேப்சூலின் உறை. உள்ளிருப்பது பாசி எண்ணெயாயினும் உறை ஜெலட்டினாயின் அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வந்ததே. பச்சைக் குறி உள்ளதா என நோக்குக. இரண்டாவது, அளவு. 1000 மி.கி. எண்ணெய் கொண்ட கேப்சூலில் டி.எச்.ஏ.யும் இ.பி.ஏ.யும் சேர்ந்து 300 மி.கி. மட்டுமே இருக்கலாம்.

மிகுதியாக உண்பதால் நன்மை மிகும் என்பதில்லை. உயர்ந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்புக் கூடுகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு இது மாற்றன்று. வார்ஃபரின் முதலிய இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உண்போரும், அறுவைக்கு நாள் குறித்திருப்போரும் தம் மருத்துவரிடம் சொல்லிய பின்னரே தொடங்க வேண்டும்.