சிறு விபத்து, தவறு நம்முடையது: இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்திடும் முன்



சென்ற மாதம் நம் மஹல்லாவின் சகோதரர் ஒருவர் ஒரு படிவத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முந்தின இரவு அவருடைய மகன் காரை எடுத்துச் சென்று, சிக்னலில் நின்ற ஆட்டோவின் பின்னால் இடித்துவிட்டான். யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மகனிடம் இருந்தது எல்.எல்.ஆர். மட்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் யாரும் இல்லை. "நீங்கள் ஓட்டியதாகப் போட்டுக்கொள்ளலாம் பாய், எல்லோரும் செய்வதுதான்" என்று ஒர்க்ஷாப்பில் சொல்லி, ஓட்டியவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர் கையெழுத்திடாமல் எடுத்து வந்துவிட்டார்.

வேண்டாம் என்றுதான் சொன்னோம். கிளெய்ம் படிவத்தில் எழுதுவது சாட்சியம். பொய் என்று தெரிந்தால் கம்பெனி பணத்தை மறுக்கும், மோசடி வழக்கும் வரலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். மகன் பார்த்துக்கொண்டிருக்க வாப்பா அவனுக்காகப் பொய்க் கையெழுத்துப் போடுவதா?

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். லைசென்ஸ் சரியாக உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பம்பர் 8,000 ரூபாய், வேலைக் கூலி 3,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. ஆக 4,000-மும் 3,000-மும் சேர்ந்து 7,000. அதில் நம் பங்காக 1,000 போகும், 1500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. கைக்கு வருவது 6,000.

இப்போது இழப்பைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறும். நான்கு ஆண்டு சுத்தமாக ஓட்டியவருக்கு அடுத்த புதுப்பித்தலில் 50 சதவீதம் கிடைக்க வேண்டியது, கிளெய்ம் செய்தால் பூஜ்யமாகிவிடும். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால் முதல் ஆண்டில் 4,000 இழப்பு. மறு ஆண்டில் 50-க்குப் பதில் 20 சதவீதமே கிடைப்பதால் 2,400. இரண்டே ஆண்டில் 6,400! பெரிய சேதத்துக்குக் கிளெய்ம் அவசியம். சின்னக் கீறலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்.

கிளெய்ம் செய்வதென்றால் அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். வண்டியை நகர்த்தும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்க்காதீர்கள். ஆயில் ஒழுகினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படி ஓட்டி இன்ஜின் போனால் அதற்குப் பணம் வராது. பழைய கீறல்களையும் இதோடு சேர்த்து எழுதச் சொல்வார்கள். அதுவும் பொய்தான்.

எதிர்த் தரப்பின் சேதம் தனி விஷயம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. மற்றவரின் காயத்துக்கும் சேதத்துக்குமே அது. தனியார் காருக்குப் பொருட்சேத வரம்பு 7.5 லட்சம் ரூபாய். இந்தக் கிளெய்மால் நம் போனஸ் குறையாது. ஆனால் கம்பெனி கொடுக்க வேண்டுமென்றால், அதன் சம்மதமின்றி "இவ்வளவு தருகிறேன்" என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலிசி நிபந்தனை அது. நடந்ததை உள்ளபடி சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒருவருக்குக் காயம் பட்டால் கணக்குப் பேச்சே வேண்டாம். முதலில் மருத்துவமனை. பிறகு போலீஸ்; 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் கம்பெனியிடம் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவைத் தம் செலவில் சரிசெய்து கொடுத்தார். வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற இரண்டு நாள் வருமானத்தை ஆட்டோக்காரர் கேட்கவே இல்லை. இவராகத்தான் கணக்குக் கேட்டுக் கொடுத்தார். மகன் லைசென்ஸ் டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறான். அதுவரை சாவி வாப்பாவிடம்.

உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.