தங்கமீனை எங்கே புதைப்பது?

கேள்வி: மகளின்ர தங்கமீன் செத்துப்போச்சு. கடல்நீரேரியில விடுவம் எண்டு அழுகிறாள். விடலாமோ?
– ஒரு தாய், ஆனையிறவு

பதில்: வேண்டாம், தங்கச்சி. நோயில் செத்திருந்தால் கிருமி தண்ணீரோடு பரவும். நன்னீர் மீன்தானே என்று இரணைமடுக் குளத்தில் போடுவது இன்னும் மோசம். அந்தக் குளத்து மீனை நம்பிக் குடும்பங்கள் சீவிக்கின்றன. வளவிலேயே, கிணற்றுக்கு எட்டத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். நாயும் உடும்பும் கிளறும், மேலே கல் வையுங்கள். பொலித்தீன் பை கூடாது. வாழையிலையில் சுற்றினால் போதும். உப்பளப் பக்கத்து உவர்மண்ணை விட்டுத் தென்னையடியைத் தேர்ந்தெடுங்கள், மரத்துக்கும் உரம். தொட்டித் தண்ணீரையும் அங்கேயே ஊற்றலாம்.

குழியை மகளே மூடட்டும். உடனே புதுமீன் வாங்கிக் கொடுக்காதீர்கள், பிள்ளை அழட்டும். தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்; அவளாகக் கேட்கும்போது வாங்கலாம்.