கோட்டையைக் கொடுத்துக் காத்தவர்

சதுரங்கம் ஆடும் நண்பர்களிடம் பிடித்த வீரர் யாரென்று கேட்டால் தால், ஃபிஷர், காஸ்பரோவ், ஆனந்த் என்ற பெயர்களே வரும். திக்ரான் பெட்ரோசியான் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சமநிலைக்காகவே ஆடியவர் என்ற பழி அவர்மீது உண்டு. நானும் முதலாம் ஆண்டில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஓர் ஆட்டம் அந்த எண்ணத்தை மாற்றியது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெட்ரோசியான் 1929இல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, பிழைப்புக்காகத் தெருப் பெருக்கினார். செவித்திறனும் குன்றியவர். நிம்சோவிட்ச் எழுதிய சதுரங்க நூல்களை ஆழ்ந்து கற்றார். எதிராளியின் திட்டத்தை அது உருவாகும் முன்பே தடுக்க வேண்டும் என்பது அவர் அங்கே கற்ற பாடம்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருவோம். உலக வெற்றியாளருடன் மோதும் உரிமைக்காக 1953இல் சூரிச்சில் நடந்த போட்டி அது. எதிரே அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கி. வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் முன்னேறக் காத்திருந்தன. கறுப்புக் குதிரை அவற்றின் முன் போய் நின்றால் தடுத்துவிடலாம். ஆனால் அது போகும் வழியில் சொந்தக் கோட்டையே நின்றது. 25ஆவது நகர்த்தலில் பெட்ரோசியான் அந்தக் கோட்டையை ஒரு கட்டம் முன்னே வைத்தார். அங்கே வெள்ளை மந்திரி அதை வெட்டலாம்!

கோட்டைக்கு ஐந்து புள்ளி, மந்திரிக்கு மூன்று என்றுதான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இது நட்டம். ஆனால் கோட்டை விலகியதும் குதிரைக்கு வழி திறந்தது. அது பலகையின் நடுவே அமர்ந்தபின், எந்தச் சிப்பாயாலும் அதை விரட்ட முடியவில்லை. வெள்ளையின் தாக்குதல் அடங்கியது. 41 நகர்த்தல்களில் ஆட்டம் சமநிலை. முதன்முறை இதைப் பலகையில் வைத்துப் பார்த்தபோது, கோட்டை நகர்ந்தது அச்சுப்பிழையோ என்றே நினைத்தேன்.

1962இல் குராசாவில் நடந்த தகுதிப் போட்டியில் 27 ஆட்டங்களில் 8 வெற்றி, 19 சமநிலை, தோல்வியே இல்லை. ஆனால் கெரெஸ், கெல்லர், பெட்ரோசியான் ஆகிய மூவரும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அது கூட்டுச் சதி என்று ஃபிஷர் குற்றஞ்சாட்டினார். அவர் கோபம் முற்றிலும் நியாயமற்றது என்று என்னால் சொல்ல இயலவில்லை. அதன்பின் அந்தச் சுற்று, இருவர் மோதும் வெளியேற்று முறைக்கு மாற்றப்பட்டது.

1963இல் அவர் போட்வின்னிக்கை 12½–9½ என வென்று உலக வெற்றியாளரானார். 1966இல் ஸ்பாஸ்கியை எதிர்த்துப் பட்டத்தைக் காத்தார். அத்தொடரின் 10ஆவது ஆட்டத்தில், 30ஆவது நகர்த்தலில் தம் ராணியையே மன்னன் வெட்டும்படி கொடுத்தார். வெட்டினால் அடுத்து குதிரை மன்னனையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும். ஸ்பாஸ்கி அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். தற்காப்பைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்பவர்கள் இதை அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுகள் கழித்து அதே ஸ்பாஸ்கியிடம் பட்டத்தை இழந்தார். 1984இல் மாஸ்கோவில் மறைந்தார்.

சதுரங்க ஒலிம்பியாட்களில் சோவியத் அணிக்காக ஆடிய 129 ஆட்டங்களில் அவர் தோற்றது ஒன்றே ஒன்று: 1972இல், ஸ்கோப்யேயில், ஜெர்மனியின் ஹூப்னரிடம். அதுவும் நேரம் தீர்ந்ததால்.